பிரைமரி கீ மதிப்பை மாற்றுவது எப்படி? ஐஎஃப்எஸ்சி குறியீட்டை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

சிண்டிகேட் வங்கி 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி கனரா வங்கியோடு இணைந்தது. அன்றைக்கே எல்லாம் மாறிவிடவில்லை. பழைய சிண்டிகேட் கிளைகளின் ஐஎஃப்எஸ்சி குறியீடுகள் 2021 ஜூன் முடியும்வரை ஓடின. ஜூலை 1 முதல் எஸ்ஒய்என்பி என்று தொடங்கும் குறியீடு செல்லாது, சிஎன்ஆர்பி என்று தொடங்கும் புதியதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றார்கள். செக் புத்தகம் மாற்றக் கிளைக்கு ஓடியவர்கள் பலர். அந்தக் குறியீட்டையே பிரைமரி கீயாக (ஒவ்வொரு ரோவையும் தனித்துக் காட்டும் அடையாளமாக) வைத்து டேபிள் கட்டியிருந்தவர்கள் சிலர். நான் இரண்டாவது கூட்டம்.

அப்போது ஒரு சம்பளப் பட்டுவாடா மென்பொருள் என் பொறுப்பில் இருந்தது. 'கேஸ்கேட் இருக்கிறதே, ஒரே ஒரு அப்டேட்தானே' என்று போட்டேன். (கீ மாறினால் அதைச் சுட்டும் டேபிள்களையும் டேட்டாபேஸே மாற்றிவிடும் ஏற்பாடுதான் கேஸ்கேட்.) எர்ரர் எதுவும் வரவில்லை. டேபிள்கள் எல்லாம் ஒழுங்காக மாறின. சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விட்டேன். இரண்டு நாள் கழித்துக் கணக்குப் பிரிவு அக்கா கூப்பிட்டார்: "ஏன் தம்பி, 2019-ல போன பணத்துக்கு கனரா கோடு காட்டுது? பேங்க் ஸ்டேட்மென்ட்ல சிண்டிகேட்னுதானே இருக்கு?"

டேட்டாபேஸ் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. கிளையின் அடையாளம் மாறினால் அதைச் சுட்டும் எல்லா ரோவும் மாற வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன், அது மாற்றியது. ஆனால் நடந்து முடிந்த பணப் பரிமாற்றம் ஒரு வரலாறு. அதை மாற்றச் சொன்னது என் தவறு. பிரைமரி கீயை மாற்றும் வேலையில் எந்த டேபிள் புது மதிப்பைப் பின்தொடர வேண்டும், எது பழையதோடு நிற்க வேண்டும் என்று பிரிப்பதுதான் கடினமான பகுதி. எஸ்க்யூஎல் கட்டளை அதற்குப் பிறகுதான்.

கீழே வரும் கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது வழக்கமான எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். முதன்மையாக போஸ்ட்கிரெஸ்க்யூஎல் டேட்டாபேஸை வைத்துப் பேசுகிறேன். மைஎஸ்க்யூஎல், ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர் எங்கே வேறுபடுகின்றன என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

நம் எடுத்துக்காட்டில் மூன்று டேபிள். 'கிளை' டேபிளில் ஐஎஃப்எஸ்சி பிரைமரி கீ. அதோடு கிளைப் பெயர், முகவரி, எம்ஐசிஆர் (செக்கில் அச்சாகும் கிளை எண்). 'ஊழியர்_கணக்கு' டேபிளில் ஊழியர் எண், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி. 'பட்டுவாடா' டேபிளில் தேதி, தொகை, பணம் போன ஐஎஃப்எஸ்சி. பின்னவை இரண்டும் ஃபாரின் கீ (இன்னொரு டேபிளின் கீயைச் சுட்டும் ஃபீல்டு) மூலம் 'கிளை'யைச் சுட்டுகின்றன. சுட்டப்படும் 'கிளை' தாய் டேபிள், சுட்டும் இரண்டும் பிள்ளை டேபிள்கள்.

படி 1: யார் யார் சுட்டுகிறார்கள்?

டேட்டாபேஸுக்குத் தெரிந்த உறவுகளை எடுப்பது சுலபம். போஸ்ட்கிரெஸில் பிஜி_கன்ஸ்ட்ரெயின்ட் என்ற சிஸ்டம் டேபிளில் 'கிளை'யைச் சுட்டும் ஃபாரின் கீ அனைத்தும் கிடைக்கும். மைஎஸ்க்யூஎல்லில் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவின் கீ_காலம்_யூசேஜ் போதும்.

டேட்டாபேஸுக்குத் தெரியாத உறவுகளில்தான் மாட்டிக்கொள்வோம். யாரோ அவசரத்தில் ஃபாரின் கீ போடாமல் விட்ட ஃபீல்டு, ஜேசன் ஃபீல்டுக்குள் கிடக்கும் குறியீடு, வேறு டேட்டாபேஸுக்கு இரவில் போகும் நகல், ரெடிஸில் இருக்கும் கேஷ் (வேகத்துக்காக வைக்கும் தற்காலிக நகல்), நிரலுக்குள் 'இந்தக் குறியீடு என்றால் கட்டணம் வேண்டாம்' என்று எழுதி வைத்த இஃப், வங்கிக்கு அனுப்பும் எக்செல் டெம்ப்ளேட்: எதையும் ஃபாரின் கீ பார்க்காது. எல்லா டேபிளிலும் 'ஐஎஃப்எஸ்சி' என்று பெயர் வரும் ஃபீல்டுகளைத் தேடுங்கள். பிறகு முழு டம்ப் கோப்பை எடுத்து அதில் 'எஸ்ஒய்என்பி0' என்ற எழுத்துகளையே தேடுங்கள். முரட்டு வழிதான். ஆனால் 'குறிப்பு' என்ற ஃபீல்டில் யாரோ கிளைக் குறியீட்டைத் தட்டி வைத்திருந்தது எனக்கு இப்படித்தான் தெரிந்தது.

படி 2: பின்தொடர்வது எது, நிற்பது எது?

கிடைத்த பட்டியலில் ஒவ்வொன்றையும் பார்த்து ஒரே கேள்வி கேளுங்கள்: இந்த ரோ 'இப்போது எது' என்று சொல்கிறதா, 'அன்றைக்கு எது' என்று சொல்கிறதா?

ஊழியர்_கணக்கு முதல் வகை. அடுத்த மாதச் சம்பளம் எங்கே போக வேண்டும் என்பதற்காகவே அது இருக்கிறது. அது மாறியே ஆக வேண்டும். பட்டுவாடா இரண்டாம் வகை. 2019 மே மாதம் பணம் போனது எஸ்ஒய்என்பி குறியீட்டுக்கு. வங்கி ஸ்டேட்மென்டில் அதுதான் இருக்கும், தணிக்கைக்கு வருபவர் அதைத்தான் தேடுவார். பில், ரசீது, ஆடிட் லாக், வரித் தாக்கல் விவரம் எல்லாம் இந்த இரண்டாம் வகையில் சேரும்.

எல்லாமே முதல் வகை என்றால் உங்கள் வேலை எளிது, கேஸ்கேட் போதும். ஒன்றாவது இரண்டாம் வகை என்றால் பழைய ரோவை அழிக்காமல், புது ரோவைச் சேர்த்து, சிலரை மட்டும் அதன் பக்கம் திருப்ப வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு கேள்வியும் எழ வேண்டும்: மாற்றத்தான் வேண்டுமா? எண்கள் 1, 2, 5, 9 என்று இடைவெளியோடு இருப்பது அழகாக இல்லை, அதனால் ஐடியை வரிசையாக்குகிறேன் என்று வருபவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ரோ அழிந்தால் இடைவெளி விழும். பாதியில் ரத்தான டிரான்ஸாக்‌ஷனும் சீக்வென்ஸ் (அடுத்த எண்ணைத் தரும் எண்ணி) தந்த எண்ணை விழுங்கிவிடும். அது பழுதல்ல. திரையில் வரிசை எண் வேண்டுமென்றால் டேட்டாவை எடுக்கும்போது ரோ_நம்பர் ஃபங்ஷனால் போட்டுக்கொள்ளலாம்.

படி 3: மாற்ற டேபிள்

பழையது, புதியது என்று இரண்டே ஃபீல்டு கொண்ட 'மாற்றம்' என்ற டேபிளை முதலில் கட்டுங்கள். அப்டேட்டுக்குள்ளேயே ஃபார்முலா போட்டுச் சமாளிக்கும் ஆசை வரும். நம் கதையில் ஃபார்முலா இருக்கவும் செய்தது: சிண்டிகேட் கிளை எண்ணோடு 10000 கூட்டினால் கனராவின் எண். எஸ்ஒய்என்பி0001234 என்பது சிஎன்ஆர்பி0011234 ஆகும். ஆனாலும் அந்த ஃபார்முலாவின் விடையை டேபிளில் போட்டு, வங்கி தரும் பட்டியலோடு ஒப்பிட்டு, பிறகு பயன்படுத்துங்கள். எந்த ரோ எதுவாக மாறியது என்று ஆறு மாதம் கழித்துக் கேட்டால் பதில் சொல்ல இந்த டேபிள்தான் சாட்சி.

இதில் நான்கு சோதனை செய்ய வேண்டும். பழையது ஒவ்வொன்றும் ஒரே முறைதான் வந்திருக்கிறதா? பழையது எல்லாம் உண்மையிலேயே 'கிளை'யில் இருக்கிறதா? புதியது ஏதாவது ஏற்கெனவே 'கிளை'யில் உட்கார்ந்திருக்கிறதா? இரண்டு பழையது ஒரே புதியதற்குப் போகிறதா?

கடைசிக் கேள்வி முக்கியம். வங்கிகள் இணைந்தால் ஒரே தெருவில் இருந்த இரண்டு கிளைகள் ஒன்றாவது வழக்கம். அப்போது நீங்கள் செய்வது கீ மாற்றம் அல்ல, இரண்டு ரோவை ஒன்றாக்குவது. நேரடி அப்டேட்டும் கேஸ்கேட்டும் அங்கே டூப்ளிகேட் கீ எர்ரரில் முடியும். போஸ்ட்கிரெஸில் 23505, மைஎஸ்க்யூஎல்லில் 1062, ஆரக்கிளில் ஓஆர்ஏ-00001.

எழுத்துச் சுத்தமும் இங்கேயே. ஐஎஃப்எஸ்சிக்கு 11 இடம்: முதல் நான்கு வங்கி, ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், மீதி ஆறு கிளை. ஐந்தாவது இடத்தில் பூஜ்யத்துக்குப் பதில் 'ஓ' எழுத்தைத் தட்டியவர்கள் எண்ணிக்கை உங்களை ஆச்சரியப்படுத்தும். ஃபாரின் கீ இல்லாத ஃபீல்டுகளில் சின்ன எழுத்தும் வால் இடைவெளியும் சேர்ந்தே வரும். மைஎஸ்க்யூஎல் 8-இன் வழக்கமான கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் ஒன்றாகப் பார்க்கும். போஸ்ட்கிரெஸ் வேறாகப் பார்க்கும். ஒரு டேட்டாபேஸில் பொருந்திய ஜாயின் இன்னொன்றில் பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம்.

படி 4: ஒத்திகை

பேக்கப் எடுங்கள். அதை வேறொரு சர்வரில் ரீஸ்டோர் செய்து, முழு வேலையையும் அங்கே ஒருமுறை ஓட்டுங்கள். ரீஸ்டோர் செய்து பார்க்காத பேக்கப்பை நம்ப வேண்டாம்.

ஒத்திகையில் நேரத்தைக் கவனியுங்கள். போஸ்ட்கிரெஸ் பிள்ளை டேபிளின் ஃபாரின் கீ ஃபீல்டுக்குத் தானாக இண்டெக்ஸ் போடாது. (மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி போட்டுவிடும்.) இண்டெக்ஸ் இல்லாவிட்டால் தாய் டேபிளில் ஒவ்வொரு ரோ மாறும்போதும் பிள்ளை டேபிள் முழுக்கத் தேடல் நடக்கும். 1000 கிளை மாறுகிறது, பட்டுவாடாவில் 10 லட்சம் ரோ என்றால் 100 கோடி ரோவைப் படிக்க வேண்டும். முதலில் இண்டெக்ஸ் போடுங்கள்.

இன்னோடிபிக்கு வேறொரு செலவு உண்டு. அங்கே டேபிளே பிரைமரி கீ வரிசையில்தான் அடுக்கப்பட்டிருக்கிறது, மற்ற இண்டெக்ஸ் ஒவ்வொன்றும் ரோவைச் சுட்ட பிரைமரி கீ மதிப்பையே சுமக்கிறது. கீ மாறினால் ரோ இடம் பெயரும், எல்லா இண்டெக்ஸும் திருத்தப்படும்.

பூட்டையும் மறக்காதீர்கள். போஸ்ட்கிரெஸில் சாதாரண ஃபீல்டை மாற்றினால், அந்த ரோவைச் சுட்டும் புதுப் பிள்ளை ரோக்கள் தடையின்றி நுழையும். கீ ஃபீல்டை மாற்றினால் பூட்டு வலுவாகும். பிள்ளை ரோவைச் சேர்க்க வருபவர் கமிட் ஆகும்வரை காத்திருப்பார். சம்பளம் போடும் 30-ஆம் தேதி மாலை இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

படி 5: மாற்றுவது

முதல் வழி, கேஸ்கேட். எல்லாப் பிள்ளைகளும் பின்தொடரலாம் என்ற நிலையில் மட்டும். ஃபாரின் கீ ஏற்கெனவே 'ஆன் அப்டேட் கேஸ்கேட்' என்று இருந்தால் ஒரு கட்டளை போதும்:

அப்டேட் கிளை செட் ஐஎஃப்எஸ்சி = மா.புதியது ஃப்ரம் மாற்றம் மா வேர் கிளை.ஐஎஃப்எஸ்சி = மா.பழையது;

அப்படி இல்லையென்றால் 23503 எர்ரர் வரும், மைஎஸ்க்யூஎல்லில் 1451. போஸ்ட்கிரெஸில் ஏற்கெனவே உள்ள ஃபாரின் கீயின் கேஸ்கேட் குணத்தை மட்டும் தனியாக மாற்ற முடியாது. ஒரே ஆல்டர் டேபிளில் பழைய கன்ஸ்ட்ரெயின்டை டிராப் செய்து புதியதை ஆட் செய்ய வேண்டும். பெரிய டேபிள் என்றால் 'நாட் வேலிட்' (இருக்கும் ரோக்களை இப்போது சோதிக்க வேண்டாம்) என்று சேர்த்து, கமிட் செய்து, பிறகு தனியே 'வேலிடேட் கன்ஸ்ட்ரெயின்ட்' ஓட்டுங்கள். நீண்ட நேரப் பூட்டு தவிர்க்கப்படும்.

மைஎஸ்க்யூஎல்லில் இரண்டு பொறி. ஆல்டர் டேபிள் போட்டாலே அதற்கு முன் செய்தது கமிட் ஆகிவிடும், ரோல்பேக் கிடையாது. அடுத்து, கேஸ்கேட்டால் மாறும் பிள்ளை ரோக்களுக்கு டிரிகர் (ரோ மாறும்போது தானாக ஓடும் நிரல்) ஓடாது. டிரிகரை நம்பி ஆடிட் எழுதுபவர்களிடம் இந்த மாற்றத்தின் தடமே இருக்காது. போஸ்ட்கிரெஸில் டிரிகர் ஓடும். அதிலும் சிக்கல் உண்டு: 'மாற்றிய_நேரம்' ஃபீல்டை டிரிகர் புதுப்பித்தால், இரவு ஓடும் ஒத்திசைவு நிரல் எல்லா ஊழியரும் இன்று கணக்கை மாற்றிவிட்டதாக நினைத்துக்கொள்ளும்.

ஆரக்கிளில் ஆன் அப்டேட் கேஸ்கேட் கிடையாது. எஸ்க்யூஎல் சர்வரில் உண்டு. ஆனால் ஒரே டேபிளுக்கு இரண்டு பாதையில் கேஸ்கேட் வந்தால் 1785 எர்ரரோடு மறுக்கும். தானாக எண் போடும் ஐடென்டிட்டி ஃபீல்டை அங்கே அப்டேட் செய்யவே முடியாது. எஸ்க்யூலைட்டில் ஃபாரின் கீ கண்காணிப்பே இயல்பாக அணைந்திருக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் பிராக்மா என்ற கட்டளை மூலம் அதை ஏற்றாவிட்டால் தாய் மாறும், பிள்ளை அநாதையாகும், எர்ரரும் வராது.

இரண்டாம் வழி, சோதனையைத் தள்ளிப்போடுவது. ஃபாரின் கீயை 'டிஃபரபிள்' ஆக்கிவிட்டு, டிரான்ஸாக்‌ஷனுக்குள் 'செட் கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் ஆல் டிஃபர்டு' என்று சொல்லி, தாயையும் பிள்ளையையும் தனித்தனியாக அப்டேட் செய்து கமிட் செய்வது. சரிபார்ப்பு கமிட்டில் நடக்கும். ஆரக்கிள்காரர்களுக்கு இதுதான் கைகொடுக்கும். போஸ்ட்கிரெஸில் 'ரெஸ்ட்ரிக்ட்' என்று எழுதிய ஃபாரின் கீயைத் தள்ளிப்போட முடியாது, 'நோ ஆக்‌ஷன்' என்றிருக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல்லிலும் எஸ்க்யூஎல் சர்வரிலும் இந்த வசதி இல்லை. அங்கே சிலர் ஃபாரின் கீ சோதனையை அணைத்துவிட்டு வேலை செய்வார்கள். மைஎஸ்க்யூஎல்லில் திரும்ப ஏற்றும்போது நடுவில் நுழைந்த தவறான ரோவை அது சரிபார்க்காது என்பதை மனத்தில் வையுங்கள்.

மூன்றாம் வழி, புதியதைச் சேர்த்துத் திருப்புவது. அக்காவின் தொலைபேசிக்குப் பிறகு பேக்கப்பை மீட்டு நான் செய்தது இது. இப்போது கேட்டால் முதலிலேயே இதைத்தான் சொல்வேன். 'கிளை'யில் 'முடிவு_தேதி', 'அடுத்த_ஐஎஃப்எஸ்சி' என்று இரண்டு ஃபீல்டு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிகின்;

அப்டேட் கிளை செட் முடிவு_தேதி = '2021-06-30' வேர் ஐஎஃப்எஸ்சி இன் (செலக்ட் பழையது ஃப்ரம் மாற்றம்);

இன்சர்ட் இன்டு கிளை (ஐஎஃப்எஸ்சி, கிளைப்_பெயர், முகவரி, எம்ஐசிஆர்) செலக்ட் மா.புதியது, கி.கிளைப்_பெயர், கி.முகவரி, கி.எம்ஐசிஆர் ஃப்ரம் கிளை கி ஜாயின் மாற்றம் மா ஆன் கி.ஐஎஃப்எஸ்சி = மா.பழையது;

அப்டேட் ஊழியர்_கணக்கு இ செட் ஐஎஃப்எஸ்சி = மா.புதியது ஃப்ரம் மாற்றம் மா வேர் இ.ஐஎஃப்எஸ்சி = மா.பழையது;

அப்டேட் கிளை கி செட் அடுத்த_ஐஎஃப்எஸ்சி = மா.புதியது ஃப்ரம் மாற்றம் மா வேர் கி.ஐஎஃப்எஸ்சி = மா.பழையது;

கமிட்;

பட்டுவாடாவை யாரும் தொடவில்லை. அது இன்னும் எஸ்ஒய்என்பி ரோவையே சுட்டுகிறது, அந்த ரோவும் இருக்கிறது, ஃபாரின் கீயும் முறியவில்லை.

எம்ஐசிஆர் மேல் யுனிக் போட்டிருந்தால் இன்சர்ட் தடுக்கப்படும், ஏனென்றால் பழைய ரோவும் புது ரோவும் கொஞ்ச நேரமாவது ஒரே எண்ணைச் சுமக்கும். போஸ்ட்கிரெஸில் 'முடிவு_தேதி இஸ் நல்' என்ற நிபந்தனையோடு பகுதி யுனிக் இண்டெக்ஸாக அதை மாற்றிவிடலாம். முடிவுத் தேதியை இன்சர்ட்டுக்கு முன்னால் வைத்தது அதற்காகத்தான். மைஎஸ்க்யூஎல்லில் பகுதி இண்டெக்ஸ் இல்லை. பழைய ரோவின் எம்ஐசிஆரை நல் ஆக்கிவிட்டு இன்சர்ட் செய்ய வேண்டியிருக்கும், எண்ணை முன்பே மாற்ற டேபிளில் குறித்துக்கொண்டு.

இரண்டு கிளை ஒன்றாகும் இடத்துக்கும் இந்த வழி பொருந்தும். இன்சர்ட்டில் மட்டும் புதியது ஒவ்வொன்றுக்கும் ஒரு ரோ வருமாறு பார்த்துக்கொண்டு, எந்தக் கிளையின் முகவரி நிலைக்கிறது என்று நீங்களே தீர்மானிக்க வேண்டும். ரோக்கள் கோடிக்கணக்கில் இருந்தால், பழையதும் புதியதும் சேர்ந்தே இருப்பதால், ஊழியர்_கணக்கைப் பத்தாயிரம் பத்தாயிரமாகப் பிரித்துப் பல கமிட்டில் நகர்த்தலாம்.

எண் கீயை நகர்த்துவோருக்கு ஒரு தனிக் குறிப்பு

பிரைமரி கீ எண்ணாக இருந்து 'செட் ஐடி = ஐடி + 1' என்று போட்டால், ஆரக்கிளும் எஸ்க்யூஎல் சர்வரும் கட்டளை முடிந்த பிறகே மோதலைப் பார்ப்பதால் ஏற்றுக்கொள்ளும். போஸ்ட்கிரெஸும் மைஎஸ்க்யூஎல்லும் ரோ ரோவாகப் பார்ப்பதால் 1 என்பது 2 ஆகும்போது பழைய 2 அங்கே நிற்க, எர்ரர் வரும். மைஎஸ்க்யூஎல்லில் அப்டேட்டோடு 'ஆர்டர் பை ஐடி டெஸ்க்' சேர்த்தால் மேலிருந்து நகரும். போஸ்ட்கிரெஸ் அப்டேட்டில் ஆர்டர் பை கிடையாது. அங்கே பிரைமரி கீயையே டிஃபரபிள் ஆக்கலாம், ஆனால் டிஃபரபிள் கீயை ஃபாரின் கீ சுட்ட முடியாது. பிள்ளை டேபிள் இருந்தால் இரண்டு கட்டமாகச் செய்யுங்கள்: முதலில் எல்லாவற்றையும் கழித்தல் எண்ணாக்குவது, பிறகு கழித்தல் எண்ணிலிருந்து புது எண்ணுக்கு. பயன்பாட்டில் இல்லாத எண் வெளியில் ஒருமுறை இறங்கி ஏறுவதுதான் சூத்திரம்.

முடிந்ததும் சீக்வென்ஸை 'செட்வால்' மூலம் உச்ச எண்ணுக்கு நகர்த்துங்கள். கையால் மாற்றிய எண் சீக்வென்ஸுக்குத் தெரியாது. மறந்தால் இன்று ஒன்றும் ஆகாது. சீக்வென்ஸ் அந்த எண்ணை எட்டும் நாளில் புதுப் பதிவு டூப்ளிகேட் என்று விழும், அதற்குள் நீங்கள் இதையே மறந்திருப்பீர்கள்.

படி 6: சரிபார்ப்பு

வேலைக்கு முன்னும் பின்னும் எல்லா டேபிளின் ரோ எண்ணிக்கையை எடுங்கள். ஊழியர்_கணக்கு ஒன்றுகூடக் கூடியோ குறைந்தோ இருக்கக் கூடாது. 'கிளை' சேர்த்த அளவுக்கு மட்டும் கூடியிருக்க வேண்டும். பட்டுவாடாவின் மொத்தத் தொகையை மாத வாரியாக, ஐஎஃப்எஸ்சி வாரியாக எடுத்து ஒப்பிடுங்கள், ஒரு பைசா அசையக் கூடாது. ஃபாரின் கீ இல்லாத ஃபீல்டுகளுக்கு அநாதைத் தேடல் ஓட்டுங்கள். கீழே 'வங்கிக்_கோப்பு' என்பது அப்படி ஒரு டேபிள் என்று வையுங்கள்:

செலக்ட் கவுன்ட்(*) ஃப்ரம் வங்கிக்_கோப்பு வ லெஃப்ட் ஜாயின் கிளை கி ஆன் வ.ஐஎஃப்எஸ்சி = கி.ஐஎஃப்எஸ்சி வேர் கி.ஐஎஃப்எஸ்சி இஸ் நல்;

பூஜ்யம் வந்தால்கூட இன்னொன்று பாருங்கள்: முடிவுத் தேதி உள்ள கிளையை எந்த ஊழியர் கணக்காவது இன்னும் சுட்டுகிறதா? ஃபாரின் கீ இதைப் பிழையாகப் பார்க்காது, சம்பளம்தான் திரும்பி வரும்.

பிறகு கேஷைக் காலி செய்யுங்கள். டெபீசியம் போன்ற கருவி வழியாக மாற்றங்கள் வேறெங்காவது ஓடினால், பிரைமரி கீ அப்டேட் அங்கே ஒரே மாற்றமாகப் போகாது. பழைய கீக்கு ஒரு அழிப்பு, புது கீக்கு ஒரு உருவாக்கம் என்று இரண்டு நிகழ்வாகப் போகும். வாங்கும் நிரல் அழிப்பைப் பார்த்ததும் அதோடு தொடர்புடையதைத் துடைத்துவிடுமா என்று முன்பே கேட்டு வையுங்கள்.

இனி கட்டும் டேபிளுக்கு

1979-ல் எட்கர் காட் தன் ரிலேஷனல் மாடலை விரித்தெழுதிய கட்டுரையில், பயனர் கையில் இருக்கும் கீ மாறக்கூடியது என்று சொல்லி, இரண்டு நிறுவனங்கள் இணையும்போது ஊழியர் எண்கள் மாறுவதை உதாரணம் காட்டினார். கணினியே தரும் பொருளற்ற அடையாளத்தை அதற்கு மாற்றாக வைத்தார். நாற்பது ஆண்டு கழித்து நமக்கு இணைந்தவை வங்கிகள், கதை அதேதான்.

அதனால் 'கிளை'க்குப் பொருளற்ற ஐடி ஒன்று பிரைமரி கீயாக இருக்கட்டும். ஐஎஃப்எஸ்சி யுனிக் போட்ட சாதாரண ஃபீல்டாக இருக்கட்டும். மாறினால் ஒரே ரோவில் மாறும். பட்டுவாடா மட்டும் ஐடியோடு, அன்றைய ஐஎஃப்எஸ்சியையும் எழுத்தாகவே நகலெடுத்து வைக்கட்டும். பாடப் புத்தகம் இதைத் திரும்ப எழுதுதல் என்று திட்டும். ரசீதில் அச்சான எழுத்து திரும்ப எழுதியது அல்ல என்பது என் கட்சி.

மாற்ற டேபிளை வேலை முடிந்ததும் அழித்துவிடாதீர்கள். ஊழியர்கள் இன்னும் பழைய பாஸ்புக்கைப் பார்த்துத்தான் விண்ணப்பம் நிரப்புவார்கள். உள்ளீட்டுத் திரையில் எஸ்ஒய்என்பி என்று ஒருவர் தட்டினால், 'தவறான குறியீடு' என்று விரட்டாமல் அந்த டேபிளில் தேடிப் புதுக் குறியீட்டை எடுத்துக் காட்டி, 'இதுதானா?' என்று கேட்கும்படி நாலு வரி நிரல் எழுதி வைத்தேன்.